கோடு போடுமுன் ஊரைக் கேட்க வேண்டாமா?

பத்திரிகையின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கும் ஏல அறிவிப்புகளுக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஒரு விளம்பரம் வருகிறது. இன்ன நகரத்தின் முழுமைத் திட்ட வரைவு தயாராகிவிட்டது. இன்ன அலுவலகத்தில், அலுவலக நேரத்தில், அதைப் பார்வையிடலாம். ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் இருந்தால் குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்து மூலம் அனுப்பலாம். அவ்வளவுதான் சங்கதி.

அந்த விளம்பரத்தைப் படிப்பவர் எத்தனை பேர்? விடியற்காலையில் மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைக்கும் அம்மாள் படிப்பதில்லை. சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர் படிப்பதில்லை. ஊர் எல்லையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி படிப்பதில்லை. படித்த மனிதர்களும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சினிமாப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கெடு முடிகிறது. "பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது" என்று கோப்பில் ஒரு வரி ஏறுகிறது.

சில வருஷங்கள் கழிகின்றன. அந்தச் சைக்கிள் கடைக்காரர், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதால், வீட்டின் மேல் ஓர் அறை எழுப்ப அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

"உங்க இடத்திலே ரோடு வருது. பிளான் பாஸ் ஆகாதுங்க."

"ரோடா? அங்கே என் வீடுல்ல சார் இருக்கு!"

"மேப்பிலே ரோடுதான் இருக்கு. அப்பவே ஆட்சேபணை கேட்டாங்களே, நீங்க எழுதிக் குடுக்கலையா?"

"யாரு சார் கேட்டாங்க? எங்கிட்டே யாருமே கேக்கலியே!"

இந்தச் சம்பாஷணை கற்பனைதான். ஆனால், வீடு கட்ட அனுமதிக்கு அலைந்த எவரும் இதைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், பேசிய இருவருமே உண்மையைத்தான் சொல்லுகிறார்கள். சர்க்கார் கேட்டதும் வாஸ்தவம். கடைக்காரர் காதில் அது விழாததும் வாஸ்தவம்.

கோட்டின் பலம்

நகரத்துக்குத் திட்டமே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சாக்கடை எந்தப் பக்கம் ஓடவேண்டும், பஸ் நிலையம் எங்கே அமைய வேண்டும், எந்த ஏரியில் வீடு எழும்பக் கூடாது என்பதையெல்லாம் முன்கூட்டி யோசிக்காத ஊர், ஒரு பெருமழைக்குத் தாங்காது. கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளலாம். அந்த நகரத்தின் முழுமைத் திட்டம் 1994-ல் ஒப்புதல் பெற்றது. அதற்கு அடுத்த திட்டத்தின் வரைவு 2024-ல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. இடையில் 30 ஆண்டுகள்! ஆலைகளும் கல்லூரிகளும் குடியிருப்புகளும் பழைய வரைபடத்தின் எல்லையைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டன. திட்டம் தாமதித்தால் ஊர் காத்திராது.

ஆகவே திட்டம் அவசியம். ஆனால் அந்தத் திட்டம் ஒரு சாமானியக் குடும்பத்தை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வரைபடத்தில் வீடுகளுக்கு ஒரு நிறம், கடைகளுக்கு ஒரு நிறம், தொழிற்சாலைகளுக்கு ஒரு நிறம், விவசாயத்துக்குப் பச்சை என்று பூசுகிறார்கள். ஒருவருடைய நிலத்தில் பச்சை விழுந்தால் அங்கே மனை பிரிக்க முடியாது. பக்கத்து நிலத்தில் குடியிருப்பு நிறம் விழுந்தால் அதன் விலை ஒரே நாளில் எங்கோ போய்விடும். சாலைக்கோ பூங்காவுக்கோ என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு சுவர் எழுப்புவதற்கும் அனுமதி கிடைப்பது கஷ்டம். வரப்புத் தகராறில் ஓரடி நிலத்துக்காகப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கும் ஜனங்கள், இவ்வளவு பெரிய விஷயம் தங்களைக் கேட்காமல் முடிவாவதை அறியாமலே இருந்துவிடுகிறார்கள்.

சட்டத்தில் பாதுகாப்பே இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ம் ஆண்டினது. அதன் 26-வது பிரிவு, வரைவுத் திட்டத்தை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து ஆட்சேபணை கேட்கவேண்டும் என்று விதித்தது. அதற்கு 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம் தரச் சொன்னது. நேரில் வந்து சொல்ல விரும்புகிறவர்களுக்கு அதற்கான வாய்ப்பையும் அளித்தது. 38-வது பிரிவு இன்னும் முக்கியமானது. ஒரு பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தை, அறிவிப்பு வந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும் என்பது அந்தப் பிரிவின் சாரம்.

இதை அறிந்தவர் வக்கீல் வைத்து ஹைகோர்ட்டுக்குப் போய்த் தம் நிலத்தை மீட்டுக்கொள்ளுகிறார். அறியாதவர், "ரோடு வரப்போகிற இடம்" என்று சொல்லப்பட்ட மனையைக் கட்டவும் முடியாமல், விற்கவும் முடியாமல் பேரன் காலம் வரைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே சட்டம், ஒரே தெரு. தகவல் எட்டியவருக்கு ஒரு நியாயம், எட்டாதவருக்கு வேறொரு நியாயம்.

தாம்பூலம் மாற்றிய பிறகு

சட்டம் வகுத்த வரிசையிலேயே ஒரு சிக்கல் உண்டு. திட்டத்தை அதிகாரிகள் தயாரிக்கிறார்கள். அது சர்க்காருக்குப் போய் இசைவு பெறுகிறது. அதற்குப் பிறகுதான் பொதுமக்களுக்கு அறிவிப்பு வருகிறது. ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பின் மறுபடி சர்க்காரின் இறுதி ஒப்புதலுக்குப் போகிறது.

இது எப்படி இருக்கிறதென்றால், மாப்பிள்ளை பார்த்து, ஜாதகம் பார்த்து, தாம்பூலமும் மாற்றிவிட்டுப் பெண்ணிடம், "உனக்குச் சம்மதந்தானே, அம்மா?" என்று கேட்பது போல் இருக்கிறது. அவள் வேண்டாம் என்றால் எத்தனை பேருடைய கௌரவம் கெடும்! அதே போலத்தான், ஆண்டுக்கணக்கில் உழைத்து, மேலிடத்து இசைவும் பெற்றுவிட்ட வரைபடத்தை மாற்ற எந்த அதிகாரிக்கும் மனம் வராது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வி கேட்கும் நேரம் தவறிவிட்டது.

எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

மக்களை முதலில் கேட்டுத் திட்டம் போடுவது ஏதோ புது மோஸ்தர் என்று சிலர் எண்ணலாம். 100 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்து இதைச் சொன்ன ஒருவர் உண்டு. அவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ். தாவர சாஸ்திரம் கற்பித்த பேராசிரியர். பிறகு நகரங்களை ஆராயத் தொடங்கியவர்.

சென்னை கவர்னராக இருந்த பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-ல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சி வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தது. அந்தக் கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வழியில் மூழ்கடித்துவிட்டது. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி, "அவன் பெரிய எம்டன்!" என்ற வழக்கையே தமிழுக்குத் தந்துவிட்டுப் போன அதே எம்டன்தான். கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பியவற்றைக் கொண்டு 1915-ல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்.

அவர் கொள்கை எளியது. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பதே அது. அந்தக் காலத்து என்ஜினீயர்கள், நெருக்கமான பழைய தெருக்களைக் கண்டால் ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுத்து, நடுவில் இருந்த வீடுகளை இடித்து அகலமான சாலை போட விரும்பினார்கள். கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். இடிந்து விழும் நிலையில் உள்ள சில வீடுகளை மட்டும் எடுத்தால் போதும். காலி மனைகளைச் சேர்த்து ஒரு சிறு முற்றம் ஆக்கலாம். ஒரு மரம் வைக்கலாம். கிணற்றடியைச் சுத்தம் செய்யலாம் என்று காட்டினார். நோயுள்ள இடத்தை மட்டும் அறுத்து உடம்பைக் காப்பாற்றும் ரண சிகிச்சை போன்றது அவர் வைத்தியம். செலவும் குறைவு, வீடிழப்போரும் குறைவு.

பிளேக் நோய் பரவியிருந்த இந்தூர் சமஸ்தானத்தில் அவர் செய்தது இன்னும் சுவாரசியமானது. தீபாவளி ஊர்வலம் நடத்தும் பொறுப்பை மகாராஜாவிடம் கேட்டு வாங்கினார். ஊர்வலம் வழக்கமான ராஜவீதியில் போகாது, எந்தத் தெருவில் வீடுகளைச் சுத்தம் செய்து பழுது பார்த்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று அறிவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டது. குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது. உத்தரவு போட்டிருந்தால் நடக்காத வேலை, தங்கள் தெருவுக்குப் பெருமை வரும் என்றதும் நடந்தது.

சென்னை ராஜதானிக்கு நகரத் திட்டச் சட்டம் 1920-ல் வந்தது. சட்டம் வந்தது, அறிவிப்பு வந்தது, அலுவலகம் வந்தது. சந்து சந்தாக நடக்கும் அந்தப் பழக்கம் மட்டும் கெடிஸோடு போய்விட்டது.

இரண்டு காய்கறிச் சந்தைகள்

சென்னை ஜார்ஜ் டவுனில் கொத்தவால் சாவடி என்றால் காய்கறி வியாபாரம் என்றே அர்த்தம். லாரி நெரிசலும் குப்பையும் தாங்காமல் அந்த மொத்த வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. லண்டன் நகரத்திலும் அதே கதை, 22 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. கோவெண்ட் கார்டன் என்னும் புராதன சந்தை காய்கறி, பழம், பூ வியாபாரத்துக்குப் பேர் போனது. பெர்னார்ட் ஷாவின் நாடகத்தில் பூ விற்கும் பெண் எலிஸா அறிமுகமாவது அங்கேதான். அந்தச் சந்தையும் 1974-ல் நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்கு மாறியது.

சந்தையை மாற்றியதில் பெரிய சண்டை இல்லை. சந்தை போனபின் மிஞ்சும் இடத்தை என்ன செய்வது என்பதில்தான் சண்டை. 1968-ல் நகராட்சி மன்றங்கள் சேர்ந்து, சுமார் 96 ஏக்கர் பரப்புக்கு ஒரு புதுத் திட்டம் வெளியிட்டன. பழைய கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டு அகலச் சாலைகள், ஹோட்டல்கள், மாநாட்டு மண்டபம், உயர்ந்த காரியாலயங்கள்! அங்கே பரம்பரையாகக் குடியிருந்த தொழிலாளிகள், அச்சகக்காரர்கள், நாடகக் கொட்டகைகளை நம்பிப் பிழைத்த கைவினைஞர்கள் ஆகியோர் எங்கே போவது என்பதற்குத் திட்டத்தில் சரியான பதில் இல்லை.

1971-ல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். அதே ஆண்டில் பகிரங்க விசாரணை நடந்தது. அடுத்த ஆண்டில் ஓர் அதிசயம். அந்தத் திட்டத்துக்கான குழுவின் தலைவியாக இருந்த டார்ட்மவுத் சீமாட்டியே, பொதுமக்களின் ஆதரவு இத்திட்டத்துக்கு இல்லை என்று கருதிப் பதவியை ராஜினாமா செய்தார். பிற்காலத்தில் இளவரசி டயானாவுக்குச் சிற்றன்னையானவர் இவர்தான். 1973-ல் மந்திரி ஜெப்ரி ரிப்பன், அந்த வட்டாரத்தின் 200-க்கு மேற்பட்ட கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவித்தார். இடித்துக் கட்டும் திட்டம் அதோடு நின்றது. பழைய சந்தைக் கட்டடம் பழுது பார்க்கப்பட்டு 1980-ல் மறுபடி திறக்கப்பட்டது.

வெற்றிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். இடம் பிரபலமாயிற்று, வாடகை ஏறிற்று, உல்லாசப் பயணிகளுக்கான கடைகள் பெருகின. கட்டடங்களைக் காப்பாற்றியதால் மட்டும் பழைய வாழ்க்கை முழுவதும் நிலைத்துவிடவில்லை. ஆனால் அந்த மக்கள் வாய் திறந்திராவிட்டால், காப்பாற்றுவதற்குக் கட்டடமும் மிஞ்சியிராது.

எட்டுப் படி ஏணி

அந்தக் காலத்தில்தான் பிரிட்டிஷ் சர்க்கார், திட்டமிடுவதில் மக்களைச் சேர்த்துக்கொள்வது எப்படி என்று ஆராய ஆர்தர் ஸ்கெபிங்டன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 1969-ல் அறிக்கை வந்தது. திட்டம் முடிந்த பிறகு காட்டுவதால் பயனில்லை, தயாராகும் காலத்திலேயே மக்களுக்குத் தெரிவித்து அவர்களுடைய எண்ணத்தைக் கேளுங்கள் என்பது அதன் சாரம்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் ஒரு கட்டுரை எழுதினார். குடிமக்கள் பங்கு பெறுவதை அவர் 8 படிகள் கொண்ட ஏணியாகச் சித்திரித்தார். கீழ்ப்படிகள் இரண்டும் வெறும் ஏமாற்று. தகவல் சொல்வது 3-வது படி. கருத்துக் கேட்பது 4-வது படி. மக்களும் அதிகாரிகளும் சமமாக உட்கார்ந்து பேசுவது 6-வது படியில்தான் வருகிறது. கேட்பதும் கேட்டதை மதிப்பதும் வேறு வேறு என்பதை அந்த ஏணி நன்றாகக் காட்டிவிட்டது. தமிழ்நாட்டுப் பொடி எழுத்து விளம்பரம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நிபுணர்களின் வாதம்

மறுபக்கத்து வாதத்தையும் தள்ளிவிட முடியாது. "ஒவ்வொருவரையும் கேட்டால் ஒரு சாலைகூட வராது. எல்லோருக்கும் ரோடு வேண்டும். ஆனால் தம் வீட்டு வழியாக வேண்டாம். சத்தம் போடுகிறவர்கள் நிலத்தரகர்களாகவும் பணக்காரர்களாகவும் இருப்பார்கள். வெள்ளம், நிலத்தடி நீர், போக்குவரத்து இவற்றைச் சாமானியர் எப்படி அறிவார்?" என்று நிபுணர்கள் கேட்கிறார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஏரியைக் காப்பதா வேண்டாமா என்று கைதூக்கச் சொல்லி முடிவு செய்ய முடியாது. கடைசி முடிவைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் எடுக்கவேண்டும். நிபுணர் சொல்லைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

மற்றப் பாதி தவறு. எந்தத் தெருவில் முதல் மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு எந்த நிபுணரைக் காட்டிலும் நன்றாகத் தெரியும். பழைய வாய்க்கால் எங்கே மூடப்பட்டது என்பது கிழவர்களுக்குத் தெரியும். இருட்டிய பின் எந்தச் சுரங்கப்பாதையில் நடக்க முடியாது என்பது பெண்களுக்குத் தெரியும். அதைக் கேட்காமல் வரைந்த படம் அரைகுறைப் படம்.

பணமுள்ளவர்கள் குரல்தான் ஓங்கும் என்பதும் மெய்யே. ஆனால் அதற்குக் காரணம் கேட்கும் முறைதான். வேலை நாளில், பகல் 11 மணிக்கு, குளிர்சாதன மண்டபத்தில், இங்கிலீஷ் படங்களைத் திரையில் காட்டிக் கருத்துக் கேட்டால் யார் வருவார்கள்? கூலி போய்விடும் என்று அஞ்சுபவர் வரமாட்டார். வக்கீலை அனுப்பக்கூடியவர்தான் வருவார்.

செய்யவேண்டியது என்ன?

முதலாவதாக, வரைபடம் வரையுமுன் கேட்கவேண்டும். சர்க்கார் இசைவு தருவதற்கு முன்பே வார்டு வார்டாகக் கூட்டம் போட்டு, ஊருக்கு எது தேவை, எதைத் தொடக்கூடாது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் புது ஏற்பாடு தேடவேண்டியதில்லை. நகரங்களுக்கான 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. வார்டு கமிட்டிகளுக்கும் பகுதி சபைகளுக்கும் தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் செய்யப்பட்டன. சபை இருக்கிறது, அதன் முன் ஊரின் படத்தை விரித்து வைக்கவேண்டும்.

இரண்டாவதாக, படம் தமிழில் இருக்கவேண்டும். சர்வே நம்பரோடு தெருப் பெயரும், கோயிலும், பள்ளிக்கூடமும், தண்ணீர்த் தொட்டியும் குறித்திருந்தால்தான் தம் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவர் விரல் வைத்துக் காட்ட முடியும். அந்தப் படம் ரேஷன் கடையிலும் மார்க்கெட் வாசலிலும் பஸ் நிலையத்திலும் தொங்கவேண்டும். சாலைக் கோடு விழும் வீட்டுக்காரருக்கு நேரில் நோட்டீஸ் போகவேண்டும். வரி பாக்கிக்கு வீடு தேடி வரும் நகராட்சிக்கு, இதற்கு மட்டும் வழி தெரியாமலா போகும்?

மூன்றாவதாக, கூட்டம் மாலையில், அந்தந்த வட்டாரத்திலேயே நடக்கவேண்டும். நடைபாதை வியாபாரிகளைத் தனியாகக் கேட்கவேண்டும். 2014-ம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40-க்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் கூறுகிறது. பூக்காரியும் கீரைக்காரியும் திட்டத்தில் ஓர் இடம் பெற அதுவே போதுமான ஆதாரம்.

நான்காவதாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, பதில் சொல்லவேண்டும். வந்த ஆட்சேபணை எத்தனை, ஏற்றது எத்தனை, தள்ளியது எத்தனை, தள்ளியதற்குக் காரணம் என்ன என்று அச்சிட்டு வெளியிடவேண்டும். "உங்கள் ஆலோசனையை ஏற்க முடியவில்லை, ஏனெனில் அந்த இடம் வெள்ளம் வடியும் வழி" என்று ஒரு வரி எழுதினால், கேட்டவர் ஒப்புக்கொண்டு போவார். ஒன்றுமே சொல்லாவிட்டால் அடுத்த முறை அவர் வரமாட்டார். மற்றவரையும் வரவிட மாட்டார்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும், பணமும் செலவாகும். ஆனால் திட்டம் முடிந்த பின் கோர்ட்டில் ஆகும் காலத்தையும், போலீஸ் பந்தோபஸ்தோடு இடிக்க ஆகும் செலவையும் கணக்குப் பார்த்தால் இது எவ்வளவோ லாபம். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டமே இதற்கு ஒரு சாட்சி. அதன் வரைவு 1995-ல் தயாராகி, ஹைகோர்ட் வழக்கிலும் சிக்கி, கடைசியில் 2008-ல்தான் ஒப்புதல் பெற்றது.

மதுரை மாசி வீதிப் பக்கம் போகிறவர்கள் விளக்குத்தூணைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்பவரின் ஞாபகார்த்தமாக நிறுவப்பட்டது அது. இடநெருக்கடியால் தவித்த மதுரையில், பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க அவர் முடிவு செய்தார். கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்துத் தருபவருக்கு அந்த இடத்திலேயே குடியிருக்க நிலம் என்று அறிவித்தார். ஜனங்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வெளிவீதிகள் உண்டாயின. அந்த வேலையில் ஈடுபட்ட மாரட் பெயரிலும் பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன.

பிளாக்பர்ன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியவர் அல்ல. அந்நிய ஆட்சியின் அதிகாரிதான். ஆயினும் புது ஊரில் பழைய குடிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற ஒரு விஷயத்தை அவர் மறக்கவில்லை. வோட்டுப் போட்டு ஆட்சியை அமைக்கும் ஜனங்களுக்கு அந்தப் பங்காவது கிடைக்கவேண்டாமா? அடுத்த வரைவுத் திட்டம் எந்த ஊரில் வெளியானாலும், அந்த ஊர்க்காரர்கள் பொடி எழுத்தைத் தேடிப் படிக்கட்டும். தங்கள் தெருவைப் படத்தில் கண்டுபிடிக்கட்டும். இரண்டு வரியாவது எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கட்டும். பதில் எங்கே என்று கேட்கட்டும். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.